முதிய பூனையின் மூட்டுவாதமும் அதனைத் தணிக்கும் வழிகளும்

நெல்லையும் விதைத் தானியங்களையும் வீட்டிற் சேமித்து வைக்கும் கமக்காரருக்குப் பூனை நெடுங்காலத் துணையாகும். சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டுக்கு அருகே பூனையின் எலும்புக்கூடும் கண்டெடுக்கப்பட்டது. இச்செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனிதன் பயிர் செய்து தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய பழங்காலத்திலேயே பூனையும் அவனோடு வாழத் தலைப்பட்டது என்பதற்கு இது சான்றாகும். வாழைச்சேனைப் பகுதியிலும் நெல் மூடைகளை அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் எலித் தொல்லையை அடக்கப் பூனை துணைபுரிகின்றது.

இவ்வாறு உதவிய பூனை பத்துப் பன்னிரண்டு வயதை அடைந்தபின், மூடைகளின்மேல் ஏறாது ஒரு மூலையிற் படுத்துக் கிடப்பதைக் காணலாம். அதற்குச் சோம்பல் பிடித்துவிட்டது, இனிப் பயனில்லை எனக் கருதிச் சிலர் அதனைச் சாக்கிலிட்டுச் சந்தையோரத்திலோ வாவிக் கரையிலோ விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் இரக்கங் கொண்டு, தாம் உட்கொள்ளும் வலி மாத்திரையை அதற்கும் கொடுக்கின்றனர். இவ்விரண்டும் பூனையின் உயிருக்குக் கேடு விளைப்பனவாம். படுத்துக் கிடக்கும் முதிய பூனைகளுட் பல மூட்டுவாதத்தால் வருந்துபவை. அவ்வருத்தத்தை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே பெரிதும் குறைக்கலாம்.

நோயின் தன்மை

மூட்டுகளில் எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கின்றது. வண்டியச்சிற்கு மசகு உதவுவதுபோல, மூட்டினுள்ளே இருக்கும் நீர் எலும்புகள் உராயாமல் அசைய உதவுகின்றது. வயது முதிர முதிரக் குருத்தெலும்பு தேய்கின்றது. எலும்பின் ஓரங்களிற் புது முளைகள் தோன்றுகின்றன. அதனால் மூட்டு விறைத்து வலிக்கின்றது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், முதுகெலும்பு ஆகிய இடங்களில் இந்நோய் காணப்படும்.

அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 90 பூனைகளில் மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் காணப்பட்டன. 2002ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, இந்நோய் முதிய பூனைகளில் எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டுகின்றது. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. ஆயினும் வலியைத் தணித்துப் பூனையை நலமாக வாழச் செய்ய இயலும்.

அறிகுறிகள்

பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. வலி இரு பக்கத்து மூட்டுகளிலும் இருப்பின் அது நொண்டி நடப்பதும் அரிது. ஆகவே கீழ்வரும் மாற்றங்களைக் கவனித்தல் வேண்டும்.

1. ஒரே பாய்ச்சலில் ஏறிய இடத்திற்கு இரண்டு மூன்று முயற்சியில் ஏறுதல், அல்லது ஏறாது விடுதல்.
2. இறங்குமுன் நெடுநேரம் தயங்கி நிற்றல்.
3. முதுகையும் பின்புறத்தையும் நக்கித் துப்புரவு செய்யாமையால் உரோமம் சடைபிடித்தல்.
4. நகம் தேயாமல் நீண்டு வளைந்து உள்ளங்காலிற் குத்துதல்.
5. வழக்கமான இடத்தை விட்டு வீட்டினுள்ளே மலசலங் கழித்தல்.
6. முதுகையோ இடுப்பையோ தொடும்போது சீறுதல்.

பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழந்து, பாதங்கள் குளிர்ந்து, பூனை அலறுமாயின் அது மூட்டுவாதமன்று. குருதிக் குழாய் அடைபட்டதனால் அவ்வாறு நேரலாம். சிறுநீர் கழிக்க முக்கியும் சிறுநீர் வராதிருத்தலும் ஆபத்தானது. இவ்விரு நிலைகளிலும் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

வீட்டிற் செய்யத்தக்கவை

படுக்கை: வடகீழ்ப் பருவமழைக் காலத்திலே தரை ஈரமாகிக் குளிர்ந்திருக்கும். சீமெந்துத் தரையிற் படுக்கும் முதிய பூனைக்கு விறைப்பு மிகும். ஒரு மரப்பெட்டியின் ஒரு பக்கத்தை மூன்று அங்குல உயரத்திற்குக் குறைத்து, உள்ளே உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் பழஞ்சாரத்தை மடித்து விரிக்க. பெட்டியைப் பலகையின்மேல், காற்றும் சாரலும் படாத இடத்தில் வைக்க. உரமோ கிருமிநாசினியோ இருந்த சாக்கை இதற்குப் பயன்படுத்தலாகாது. குளிர் மிகுந்த இரவில் இளஞ்சூடான நீர் நிரப்பிய போத்தலைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். சூடு மிகுந்தாற் பூனை விலகிப் படுக்க இடமிருத்தல் வேண்டும்.

படிகள்: பூனை விரும்பி ஏறும் வாங்குக்கோ யன்னலுக்கோ செங்கல்லாலோ பெட்டிகளாலோ படி அமைக்க. ஒவ்வொரு படியும் ஆறு அங்குலத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று. வழுக்காதிருக்கப் படியின்மேற் சாக்குத் துண்டை விரிக்க.

உணவும் நீரும்: இவற்றைப் படுக்கைக்கு அண்மையில், பாய்ந்து ஏற வேண்டாத இடத்தில் வைக்க. பூனை ஊனுண்ணும் பிராணி. சோறும் தேங்காய்ப்பாலும் மட்டும் அதற்குப் போதா. மீனை உப்பும் தூளும் இன்றி அவித்து, முள்ளை நீக்கிக் கொடுக்க. குழம்பு மீன் கொடுத்தல் தவறு. வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதிச் செங்கலங்களைச் சிதைப்பன. உடல் பருத்த பூனையின் எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் மூட்டுகளின் பாரம் குறையும். ஆனால் அதனைப் பட்டினி போடலாகாது. பருத்த பூனை சில நாள் உணவின்றி இருப்பின் ஈரலிற் கொழுப்புப் படிந்து இறக்கவும் கூடும்.

துப்புரவு: விளிம்பு தாழ்ந்த தட்டில் மணலை இட்டுப் படுக்கைக்குச் சற்று அப்பால் வைத்தால் மலசலங் கழிக்க எளிதாகும். உரோமத்தை மென்மையாகச் சீவி விடுக. நகத்தின் நுனியை மட்டும் வெட்டுக. உள்ளிருக்கும் இளஞ்சிவப்புப் பகுதியை வெட்டினாற் குருதி பெருகும்.

கொடுக்கத் தகாத மருந்துகள்

பனடோல் முதலிய பெயர்களில் விற்கப்படும் பரசிற்றமோலைப் பூனைக்கு ஒருபோதும் கொடுத்தலாகாது. இம்மருந்தின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் மனிதனின் ஈரலுக்கு உண்டு. பூனையின் ஈரலுக்கு அது மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதியது. குருதி ஒட்சிசனைச் சுமக்கும் தன்மையை இழக்க, முரசு கபிலநிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சுத் திணறும். தவறிக் கொடுத்திருப்பின், அறிகுறி தோன்றும்வரை காத்திராது, மாத்திரையின் உறையுடன் உடனே மிருக வைத்தியரிடம் செல்க. அசுப்பிரின், இபுப்புறூபன், டைக்குளோபினக் என்பனவும் வைத்தியர் சொல்லின்றிக் கொடுக்கத் தகாதவை. வலிக்குப் பூசும் தைலங்களையும் பூசலாகாது. பூனை அவற்றை நக்கி உட்கொள்ளும்.

மிருக வைத்தியரின் உதவி

பூனைக்கென அளவிடப்பட்ட வலி மருந்துகள் உள. மெலொக்சிக்காம் அவற்றுள் ஒன்று. முதிய பூனைகளிற் சிறுநீரக நோயும் பெரும்பாலும் உடனிருப்பதால், வைத்தியர் பரிசோதித்து அளவு குறித்தபின்னரே இதனைக் கொடுத்தல் வேண்டும். வாந்தி, உணவு மறுத்தல், கருநிற மலம் ஆகியவை தோன்றின் மருந்தை நிறுத்தி வைத்தியருக்கு அறிவிக்க. மாதம் ஒருமுறை ஏற்றப்படும் புறுனெவெற்மாப் என்னும் ஊசி மருந்துக்கு 2022 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. எம்மருந்து ஏற்றதென அரச கால்நடை வைத்திய அதிகாரியிடம் கேட்டறிக.

எலி நஞ்சு பற்றிய எச்சரிக்கை

கிழப்பூனை வேட்டையாடாது விட்டதும் எலி பெருகும். எலி பெருகியதும் நஞ்சு வைக்க எண்ணுவது இயல்பு. நஞ்சுண்ட எலி தளர்ந்து நடக்கும். ஓட இயலாத பூனைக்கு அதுவே எளிதில் அகப்படும் இரையாகும். ஆகவே முதிய பூனை வாழும் வீட்டில் எலிப்பொறியையே பயன்படுத்துக. நெல் மூடைகளைச் சுவரை விட்டு விலக்கி, தரையினின்றும் உயர்த்திய பலகைகளின்மேல் அடுக்குக. இளம்பூனை ஒன்றை வளர்க்கத் தொடங்கினால், இரண்டிற்கும் வெவ்வேறு இடத்தில் உணவு வைக்க. இல்லையேல் முதிய பூனை பசித்திருக்க நேரிடும்.

நினைவிற் கொள்க

முதிய பூனை ஏறவும் பாயவும் மறுத்தால் வலியுண்டோ என ஆராய்க. உலர்ந்த படுக்கை, தாழ்ந்த படி, அருகில் உணவு ஆகிய மூன்றையும் அன்றே அமைக்க. மனிதருக்குரிய மாத்திரையைக் கொடாதிருக்க. இரண்டு வாரத்திற் குணம் தோன்றாவிடின், காற்றோட்டமுள்ள கூடையிலிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க.