பிராக் நகரம்: பயணிகள் கவனத்திற்கு

செக் குடியரசின் தலைநகரான பிராக்கின் பழைய நகரப் பகுதி, 1992 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

• நாணயம்: செக் குடியரசு 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபோதிலும் யூரோவை ஏற்கவில்லை என்பதால், 'கொருனா' எனப்படும் அந்நாட்டு நாணயத்திலேயே பணம் செலுத்துவதும், தெருவில் பணம் மாற்றித் தருவதாக அணுகுவோரைத் தவிர்ப்பதும் நல்லது.

• பயணச்சீட்டு: தெருவில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டியான டிராமில் ஏறியதும், தாள் சீட்டை அங்குள்ள மஞ்சள் பெட்டியில் செருகி நேர முத்திரை பெற வேண்டும்; முத்திரையில்லாத சீட்டு செல்லாது என்பதால் அபராதம் விதிக்கப்படும்.

• சார்லஸ் பாலம்: மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டியதும், இருபுறமும் 30 சிலைத்தொகுதிகள் கொண்டதுமான இப்பாலம் நடந்து செல்வோருக்கு மட்டுமே உரியது, கூட்டமின்றிக் காண விடியற்காலையே ஏற்றது.

• வானியல் கடிகாரம்: மணியோடு சூரிய, சந்திர நிலைகளையும் காட்டும் இந்த 1410ஆம் ஆண்டுக் கடிகாரத்தில், காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொருமுறை எலும்புக்கூட்டுப் பொம்மை மணியடிக்க, மேலுள்ள சன்னல்களில் இயேசுவின் சீடர்களது உருவங்கள் வலம்வரும், அண்ணாந்து நிற்கும் அவ்வேளையில் பணப்பையைக் காத்துக்கொள்வது அவசியம்.

கல் பாவிய தெருக்களே மிகுதி என்பதால், தட்டையான அடிப்பாகமுள்ள காலணியே உகந்தது.