முதலில் ஆர்சி, கடைசியில் இன்ஜின்



பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, நான்கைந்து வருடம் வைத்துச் சீரமைக்க நினைப்பவருக்கு நம் நாட்டில் கிடைக்கும் வண்டிகள் மிகக் குறைவு. கோவாவில் 1998 வாக்கில் தயாராகத் தொடங்கிய சான் ஸ்டார்ம் அவற்றில் ஒன்று. இருவர் மட்டும் உட்காரக்கூடிய, ஃபைபர் பாடி போட்ட சிறு வண்டி. ரெனோவின் 1149 சிசி இன்ஜினில் ஓடியது. விற்றதே கொஞ்சம், விலைக்கு வருவது அதிலும் கொஞ்சம். ஃபைபர் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கினால், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருப்பதை அந்த ஃபைபரே மறைத்துவிடும். எம்ஜி, டிரயம்ஃப் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் அபூர்வம். கிடைத்தாலும் விலை ஒரு வீட்டு மனைக்கு நிகராகச் சொல்லப்படும்.

எஞ்சுவது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் 1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்டாக, இத்தாலியர் மிக்கெலோட்டியின் வடிவமைப்பில் வெளிவந்த வண்டி இது. இதே சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்ட் தயாரானது. முதலில் இரண்டு கதவு, பின்னர் நான்கு கதவு, 1972-இல் கெசல் என்று புதுப் பெயர். எல்லாவற்றிலும் அதே 948 சிசி இன்ஜின்தான்.

சீரமைக்க நினைப்பவருக்கு இந்த வண்டியின் பெரிய சௌகரியம் அதன் கட்டமைப்பு. சேசிஸ் தனி, அதன்மேல் பாடி தனித்தனித் துண்டுகளாக போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். மட்கார்டோடு சேர்ந்த முழு பானெட்டும் முன்பக்கமாக மல்லாந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைப் பார்க்கலாம். பாடியும் சேசிஸும் ஒன்றாக வெல்டான வண்டிகளில் இரண்டு பேர் சேர்ந்தும் முடியாத வேலையை இதில் ஒருவரே ஒரு ஷெட்டில் செய்யலாம். இரண்டு கதவு வண்டிதான் வாங்கத் தகுந்தது. கெசலில் பின் ஆக்சில் மாறியதால் ஓட்டம் அடக்கமானது. நிலைத்தன்மை கூடியது, சுவாரசியம் குறைந்தது.

விலை பேசும் இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு அதிக விலையும், இன்ஜின் இறுகிப்போன வண்டிக்குக் குறைந்த விலையும் கேட்பது வழக்கம். வேறு ஊரில் அது நியாயமாக இருக்கலாம். கோயம்புத்தூரில் அந்தக் கணக்கு தலைகீழ். பம்பு செட்டும் மோட்டாரும் மில் இயந்திரமும் செய்து பழகிய ஊர் இது. பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ என்று எங்கே திரும்பினாலும் லேத்து, கிரைண்டிங், பவுண்டரி. 63 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நான்கு சிலிண்டரை ரீபோர் போடுவது, தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்குவது, கிராங்க் கிரைண்ட் பண்ணுவது, ஹெட்டை ஃபேஸ் அடிப்பது இங்கே அன்றாட வேலை. எனவே இறுகிய இன்ஜின் ஒரு பொருட்டே அல்ல. காசை விழுங்குபவை மூன்று: காகிதம், தகரம், காணாமல்போன உதிரிகள்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது நிறைய. ஹெரால்டுகள் பல, பொள்ளாச்சி, உடுமலை, கோபிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் தேங்காய் மட்டைக்கும் உரமூட்டைக்கும் நடுவே நிற்கின்றன. ஓட்டியவர் காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும்; ஆர்சி புத்தகம் அவர் பெயரிலேயே கிடக்கும். விற்கிறேன் என்று வருபவர் மூன்று மகன்களில் ஒருவராக இருப்பார். வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரின் சம்மதமும் இல்லாமல் முன்பணம் கொடுப்பது, வழக்கை விலைக்கு வாங்குவது. பெயர் முதலில் படிவம் 31 வழியாக வாரிசுக்கு மாறி, அதன் பிறகே 29, 30 வழியாக வாங்குபவருக்கு வர வேண்டும். வெளிமாநில வண்டியென்றால் அந்த ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று தேவை. கையால் எழுதிய பழைய ஆர்சி விவரம் பல நேரம் வாகன் கணினிப் பதிவில் ஏறியிருக்காது. அதை பேக்லாக் என்ட்ரியாக ஏற்றித் தரும்படி கேட்டு அலைய வேண்டியிருக்கும். இந்த அலைச்சல் விற்பவருடையது என்று விலை பேசும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் துடைத்து, பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து ஆர்சியோடு ஒப்பிட வேண்டும். இன்ஜின் எண் மாறியிருந்தால் விலை பாதியாக வேண்டும். காரணம் வெறும் அசல் மோகம் அல்ல. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் அசலாக இருந்தால்தான் அந்தப் பதிவு. அதோடு விண்டேஜ் பதிவுள்ள வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற காரணங்களுக்குத்தான் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்ட ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவையே எஃப்சி காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

தகரத்தில் நம் பக்கத்துக்கு ஒரு யோகம் உண்டு. கோவையின் காற்று வறண்டது, கடல் உப்பு கிடையாது. சென்னையிலோ கொச்சியிலோ நாற்பது வருடம் நின்ற வண்டியும் அவினாசியில் அதே காலம் நின்ற வண்டியும் அடிப்பாகத்தில் ஒன்றாக இராது. ஊட்டி வண்டி இங்கே பக்கம்தான், ஆனால் பனியும் சாரலும் அதை விட்டுவைக்காது. பார்க்க வேண்டிய இடங்கள்: சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள், கதவுக்குக் கீழே ஓடும் சில், டிக்கியின் தரை, பானெட் கீல் பிடித்திருக்கும் முன்முனை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை பாடி முழுக்க நகர்த்தினால் பட்டி கனமாகப் பூசிய இடத்தில் பிடிப்புத் தளரும். கதவைத் திறந்து மூடும்போது முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் உள்ள இடைவெளி சமமாக இல்லையென்றால், சேசிஸ் தொய்ந்திருக்கலாம். புதிதாகப் பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டியை விட, வெயிலில் வெளுத்த பழைய பெயின்ட்டோடு நிற்பதே நம்பத் தகுந்தது. அதில் ஒளிக்க எதுவுமில்லை.

நல்ல டிங்கர் கிடைப்பது நல்ல மெக்கானிக் கிடைப்பதை விடக் கடினம். இன்ஷூரன்ஸ் வேலைக்குப் பழகியவர்கள் தகரத்தை மாற்றுவார்களே தவிர அடித்து உருவாக்க மாட்டார்கள். பஸ் பாடி கட்டும் கரூரில் வெறும் தகட்டை மடித்து வளைத்து உருவம் கொண்டுவரத் தெரிந்த கைகள் இன்றும் உண்டு. வண்டியை ஏற்றி அனுப்பினாலும் நஷ்டமில்லை.

உதிரி விஷயத்தில் ஒரே விதி: குறையில்லாத வண்டியை வாங்க வேண்டும். முன் கண்ணாடி, விளக்கு வளையம், கதவுப் பிடி, மீட்டர்கள், பெயர்ப் பட்டை எல்லாம் வண்டியிலேயே, உடைந்தாவது இருக்க வேண்டும். உடைந்த அலுமினியப் பிடியை மாதிரியாக வைத்து பேட்டர்ன் செய்து மணல் வார்ப்பில் ஊற்றித் தரச் சிறு பவுண்டரிகள் உண்டு. மாதிரியே இல்லையென்றால் எதை ஊற்றுவது? ரப்பர், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களுக்கு அவ்வளவு கவலையில்லை. ஸ்பிட்ஃபயரின் உறவால் பலவற்றை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சுங்கவரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் இரண்டு சோதனைகள் போதும். ஒருவர் கிளட்சை மிதித்து மிதித்து விட, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அந்த அசைவு 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாஷர் நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்கும் பிளாக்கும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும். பிளாக் போனால் எண் போகும், எண் போனால் மேலே சொன்ன பதிவும் போகும்.

இன்னொன்று ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை வெண்கலக் கட்டைக்குள் மரையில் திரும்புகிறது. இதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கன் வைக்க வசதியான இடமாக இருப்பதால் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாக கிரீஸ் அடித்துவிட்டார்கள். கிரீஸ் காய்ந்து இறுகி மரைக்குள் போவதில்லை; தண்ணீர் தங்கி இரும்பு அரிக்கிறது; ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்குகிறது. வாங்கிய வாரமே இரண்டு பக்கமும் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். பின்பக்க ஸ்விங் ஆக்சிலும் ஹெரால்டின் குணம்தான். வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வால் வீசும். குறை என்று இதை மாற்றப் போகக் கூடாது. ஓட்டுபவர்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மாற்றும் ஆசை கோவையில் தொற்றுநோய். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் கட்டிய கரிவரதனின் ஊர் இது. 1995-இல் மறைந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது. புதிதாகக் கட்டும் அந்தத் திறமை வேறு, இருந்ததை இருந்தபடி மீட்பது வேறு. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விதிவிலக்காக, ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வ் சீட் போட்டுவிடலாம். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட் அது, ஈயமோ 2000-த்தோடு நாட்டில் முடிந்தது. இப்போதைய இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸ், பம்பின் டயஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக மாற வேண்டும். வெளியே எதுவும் தெரியாது.

வேலை வரிசையில் செய்யக்கூடாதது முதல் மாதமே அத்தனையும் பிரித்துப் போடுவது. பிரிப்பதற்கு இரண்டு ஞாயிறு போதும். பூட்ட இரண்டு வருடம் ஆகும். நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலானவை சாக்குப் பைகளில் நிற்கின்றன. முதலில் பிரேக், பிறகு ட்ரனியனும் ஸ்டியரிங்கும், பிறகு வயரிங். எலி கடித்த வயரை ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்ற வேண்டும். தன் சக்கரத்தில் உருளும் நிலை வந்த பிறகு சேசிஸும் தகரமும். இன்ஜின் அதற்கடுத்து, பெயின்ட் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி உருண்டு ஷெட்டை விட்டு வெளியே வர முடிய வேண்டும். கழற்றும் முன் போட்டோ, கழற்றிய போல்ட்டுக்குத் தனிப் பையும் துண்டுச் சீட்டும். பட்ஜெட் போடும்போது, வாங்கும் விலையைப் போல இன்னும் இரண்டு மடங்கு கையில் இல்லாமல் தொடங்காமல் இருப்பதே மேல். கடன் வாங்கிச் செய்யும் வேலை இது அல்ல.

இன்ஜின் பூட்டியபின் முதல் 500 கிலோமீட்டர் அறுபதுக்கு மேல் போகாமல் ஓட்டி, ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் வைத்து இறுக்க வேண்டும். அதற்கு பொள்ளாச்சிச் சாலை தோது. மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறுவதற்கு முன் நான்கு டிரம் பிரேக்கையும் திறந்து, லைனிங் படிந்திருக்கிறதா, சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியரில்தான் இறங்க வேண்டும்.