முந்துகிற பிள்ளையா, முன்னேறுகிற பிள்ளையா?

குறுவட்டப் போட்டிக்கு அணி சேர்க்கும் நாளில் நம் பள்ளித் திடல்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி 100 மீட்டர் ஓடவிடுகிறோம். முதலில் வந்த இரண்டு பேரின் பெயரை எழுதிக்கொள்கிறோம். மற்றவர்கள் அன்றிலிருந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். அடுத்த வாரப் போட்டிக்கு ஆள் வேண்டும் என்றால் இந்த முறையில் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலையே வைத்துக்கொண்டு 'இவனுக்குத் திறமை இருக்கிறது, அவளுக்கு விளையாட்டு வராது' என்று தீர்ப்பு எழுதும்போதுதான் பிழை தொடங்குகிறது. திடலோரத்து அனுபவமும், இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளும் சேர்ந்து எனக்கு உணர்த்தியது இதுதான்: ஒரு பிள்ளை இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பதைவிட, சொல்லிக்கொடுத்தால் அங்கிருந்து எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதில்தான் திறமை தெரியும். எந்த விளையாட்டு பொருந்தும் என்ற கேள்விக்கும் அந்த நகர்வைப் பார்த்த பிறகே விடை தேட வேண்டும்.

முதலில் பிறந்த மாதத்தைப் பார்ப்போம். 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரிக்கும்போது எங்காவது ஒரு தேதியில் கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோட்டுக்கு அடுத்த வாரம் பிறந்தவனும் பதினொரு மாதம் கழித்துப் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஓடுகிறார்கள். பத்து வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்நாளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களைப் பற்றி 1985-இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அணிகளில் மிக அதிகமாகவும், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. பிறகு கால்பந்து உள்ளிட்ட பல விளையாட்டுகளிலும் இதே சாய்வு தென்பட்டது. ஜனவரியில் பிறந்தவர்களுக்குக் கூடுதல் திறமை வந்துவிடுவதில்லை. சில மாதம் மூத்தவன் தேர்வாகிறான். தேர்வானதால் நல்ல பயிற்சியும் போட்டிகளும் கிடைக்கின்றன. அவற்றால் உண்மையிலேயே நல்ல வீரனாகிறான். நாம் முதலில் செய்த கணக்குப் பிழை, கடைசியில் சரியான கணிப்புபோலத் தோன்றிவிடுகிறது. எனவே தேர்வுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள் என்பது என் முதல் யோசனை. நூலிழையில் தோற்ற நவம்பர், டிசம்பர் பிள்ளைகளைத் தனியாக ஒரு முறை பார்த்தால் போதும், பாதி அநியாயம் குறைந்துவிடும்.

பிறந்த மாதத்தைவிடப் பெரிய மறைப்பு, பூப்பு வரும் காலம். பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மிக வேகமாக வளர்கிறார்கள். இது சராசரிதான். ஒருவனுக்கு 12 வயதிலேயே மீசை அரும்பும். இன்னொருவன் 15 வயதிலும் சின்னப் பையனாகவே இருப்பான். பிறப்புச் சான்றிதழில் ஒரே வயதுள்ள இருவரின் உடல் முதிர்ச்சியில் சில ஆண்டு வித்தியாசம் இருப்பது இயல்பு. அந்த வயதில் குண்டு எறிதலிலும் வேகப்பந்து வீச்சிலும் ஜெயிப்பவனிடம் நாம் பார்ப்பது பெரும்பாலும் முந்தி வந்த தசையைத்தான். மற்றவர்கள் வளர்ந்து சமமானதும் அந்த முந்துதல் கரைந்துவிடும். அதுவரை உடம்பை மட்டுமே நம்பி நுட்பம் கற்காமல் இருந்தவன் திகைத்து நிற்பான். வளர்ச்சி வேகம் பிடிக்கும் மாதங்களில் கையும் காலும் முதலில் நீள்வதால், நேற்றுவரை நன்றாக ஓடிய பிள்ளைகூடச் சில காலம் தடுமாறும். முழங்கால் வலி என்று உட்காரும். அதைச் சோம்பல் என்று திட்டுவதும், அந்த நேரத்தில் பயிற்சியைக் கூட்டுவதும் கெடுதல். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினமான காலம். வயதுக்கு வந்தபின் உடல் அமைப்பு மாறுவதால் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் அவர்களின் முன்னேற்றம் கொஞ்ச காலம் தேங்கக்கூடும். சரியாக அந்த நேரத்தில்தான் வீட்டிலும் 'போதும், இனிப் படி' என்கிறார்கள். தற்காலிகத் தேக்கத்தை முடிவு என்று எண்ணி நாம் இழந்த வீராங்கனைகள் ஏராளமாக இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? சர்வதேச அளவில் ஆறாயிரத்துக்கும் அதிகமான விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கண்ணைத் திறக்கிறது. சிறுவர் பிரிவில் உச்சத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே விளையாட்டைச் சீக்கிரம் தொடங்கி, அதையே அதிகம் பயின்று, வேகமாக மேலே வந்தவர்கள். பெரியவர்கள் பிரிவில் உலகத் தரத்தை எட்டியவர்களோ, சிறுவயதில் பல விளையாட்டுகளை ஆடி, தங்கள் முதன்மை விளையாட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கி, ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியவர்கள். பதினான்கு வயதுக் கோப்பைக்கான பாதையும் இருபத்தைந்து வயதுப் பதக்கத்துக்கான பாதையும் வேறு வேறு என்பதே இதன் பொருள். ஆகவே பன்னிரண்டு வயது வரையிலாவது பிள்ளை பலவற்றை ஆடட்டும். நாம் கவனிக்க வேண்டியது அது கற்கும் விதத்தை. புதிய அசைவு ஒன்றைக் காட்டினால் எத்தனை முறையில் பிடித்துக்கொள்கிறது? தப்பு செய்தபின் அடுத்த முயற்சியில் தானாகத் திருத்திக்கொள்கிறதா? ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மறக்காமல் செய்கிறதா? தோற்ற மறுநாளும் திடலுக்கு வருகிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கான விடை எந்த ஸ்டாப்வாட்சிலும் கிடைக்காது.

இதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நம் தெரு விளையாட்டுகளே நல்ல ஆய்வுக்கூடங்கள். கிளித்தட்டில் எதிராளியின் இடுப்பசைவைப் படித்துக் கோட்டைத் தாண்டுகிற பெண்ணிடம் கபடிக்கும் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் தேவையான கண் இருக்கிறது. நொண்டியில் களைக்காமல் விரட்டி, ஒற்றைக் காலில் அலுங்காமல் இறங்குகிறவனிடம் தாண்டுதலுக்கான கணுக்கால் இருக்கிறது. பறக்கும் கிட்டிப்புள்ளைக் கோலால் மறுபடி தட்டுகிறவனின் கையும் கண்ணும் ஹாக்கிக்கும் இறகுப்பந்துக்கும் ஏற்றவை. ஐந்தாங்கல் ஆடும் சிறுமியின் விரல் நிதானத்தை யாரும் விளையாட்டுத் திறமையாக எண்ணுவதில்லை. துப்பாக்கி சுடுதலும் மேசைப்பந்தும் கேட்பது அதைப் போன்ற நிதானத்தைத்தான். இவை உறுதியான முடிவுகள் ஆகமாட்டா. எந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம் என்று காட்டும் குறிப்புகள், அவ்வளவே. இவற்றோடு நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், 30 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்தபடி பந்தெறிதல், விட்டுவிட்டு ஓடும் தாக்குப்பிடிப்புச் சோதனை ஆகியவற்றை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முறையும், சில மாதப் பயிற்சிக்குப் பிறகு மறுமுறையும் எடுக்க வேண்டும். தமிழகப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை நடத்தப்படும் உலகத் திறனாய்வுத் தேர்வுகளும் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று அளந்து பார்ப்பவைதான். அளப்பது நல்லது. ஒரே நாளில் அளந்து முடித்துவிடுவதுதான் போதாது.

'உடலமைப்பு முக்கியமில்லையா? குட்டையானவனைக் கூடைப்பந்துக்கு அனுப்பி அவன் காலத்தை வீணாக்கலாமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டன் 2007-இல் உயரமான இளைஞர்களைத் தேடி ஒரு திட்டம் நடத்தியது. அதில் தேர்வான ஹெலன் குளோவர் இருபது வயதைத் தாண்டித்தான் துடுப்புப் படகில் ஏறினார். 2012-இலும் 2016-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். உடலைப் பார்த்துப் பொருத்துவது பலன் தரும் என்பதற்கு இது சான்று. ஆனால் அவரைத் தேர்ந்தது வளர்ந்து முடிந்த வயதில் என்பதைக் கவனிக்க வேண்டும். வளரும் பிள்ளையின் இறுதி உயரம் நமக்கு ஓரளவே தெரியும். தாய், தந்தை உயரங்களைக் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 செ.மீ. சேர்த்து, பெண் பிள்ளைக்கு 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுப்பது மருத்துவர்களின் எளிய கணக்கு. அப்பா 168, அம்மா 155 என்றால் மகனுக்கு 168, மகளுக்கு 155. இந்த எண்ணும் எட்டு செ.மீ. வரை இருபுறமும் நகரலாம். நகராவிட்டாலும் 195 செ.மீ. உயரமுள்ள உசேன் போல்ட் நினைவுக்கு வர வேண்டும். 100 மீட்டருக்கு அவ்வளவு உயரம் ஆகாது என்பதே அவர் வரும்வரை நிலவிய எண்ணம். எச்சிலை அனுப்பினால் எந்த விளையாட்டு என்று சொல்கிறோம் என விளம்பரப்படுத்தும் மரபணுச் சோதனைகளை நம்பிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். திறமையைக் கண்டறிய அவற்றுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று இத்துறை வல்லுநர்கள் 2015-இலேயே கூடிச் சொல்லிவிட்டார்கள்.

உடலைப் பார்ப்பதிலிருந்து இனத்தைப் பார்ப்பதற்கு ஓரடிதான் தூரம். 1980-களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம், ஆப்பிரிக்க வம்சாவளியினரான கர்நாடகத்துச் சித்தி சமூகப் பிள்ளைகளைத் தடகளத்துக்கெனத் தேர்ந்து பயிற்சி அளித்தது. அவர்களிலிருந்து பதக்கம் வென்றவர்களும் வந்தார்கள். ஆனால் திட்டம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது; படிப்பையும் ஊரையும் விட்டு வந்த பிள்ளைகள் நடுவழியில் விடப்பட்டார்கள். ஒரு சமூகத்தின் மீது வைத்த எதிர்பார்ப்பு, தனித்தனிப் பிள்ளையின் மீது வைக்க வேண்டிய பொறுமைக்கு ஈடாகாது. 'மீனவப் பிள்ளைக்கு நீச்சல், மலைப் பிள்ளைக்கு நெடுந்தூர ஓட்டம்' என்று நாம் எளிதாகச் சொல்லும் வாக்கியங்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது. பழக்கம் ஒரு தொடக்கம் தரும், விருப்பத்தைத் தராது.

பொருத்தம் என்பது ஒரு முறை போட்டு முடிக்கும் முடிச்சும் இல்லை. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் விரும்பி ஆடியது வாலிபால். உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். ஒரு கால் பாதிக்கப்பட்ட சிறுவனிடம் இல்லாததை விட்டுவிட்டு இருப்பதைப் பார்த்த அந்தக் கண்ணிலிருந்து 2016 ரியோ பாராலிம்பிக் தங்கத்துக்கு ஒரு பாதை விரிந்தது. தொடக்க ஆட்டக்காரராகவும் மிதவேகப் பந்துவீச்சாளராகவும் ஆடிவந்த சிறுவன் அஸ்வின், சுழற்பந்துக்கு மாறித்தான் 537 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தார். ஒரு விளையாட்டில் ஆடியது அடுத்ததற்கு உரமாகும். அதனால் பிள்ளை மாற விரும்பினால் 'இத்தனை வருஷம் வீணா' என்று கேட்காதீர்கள். குணத்தையும் கவனியுங்கள். கூட்டத்தில் உற்சாகம் பெறுகிற பிள்ளை தனியே நீந்திக்கொண்டே இருந்தால் வாடிப்போகலாம். தன் தவறுக்குத் தானே பொறுப்பாக விரும்புகிற பிள்ளைக்குக் குழு ஆட்டத்தைவிடத் தடகளமோ டென்னிஸோ நிறைவு தரலாம்.

'சீக்கிரம் தொடங்காவிட்டால் எல்லாம் கைமீறிவிடும்' என்பது பெற்றோரின் அச்சம். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் போன்ற சிலவற்றில் உடல் சிறிதாக இருக்கும்போதே கடினமான அசைவுகளைக் கற்க வேண்டியிருப்பது உண்மை. அங்கே தாமதம் கூடாது. ஆனால் அங்கும் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு, பெரியவர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 1997-இல் 16 ஆக உயர்த்த வேண்டி வந்தது என்பதை மறக்கக் கூடாது. மற்ற பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, 15, 16 வயதுவரை ஒன்றிலேயே முடங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் அறிவுறுத்தியது. ஒரே மூட்டு திரும்பத் திரும்பத் தேய்வதும் பதினைந்து வயதில் சலித்து விலகுவதும்தான் அவசரத்தின் விலை. சீக்கிரம் தொடங்க வேண்டியது விளையாடுவதை; எதில் நிலைப்பது என்ற தேர்வு காத்திருக்கலாம்.

இன்னொரு கேள்விக்கு மட்டும் என்னிடம் எளிய பதில் இல்லை. 'பல விளையாட்டு என்கிறீர்கள்; எங்கள் ஊரில் இருப்பது ஒரு வாலிபால் வலையும் ஒரு கபடித் திடலும்தானே?' சென்னைப் பெண் பவானி தேவி 2004-இல் வாள்வீச்சுக்கு வந்ததே, பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால்தான். பின்னர் ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியரானார். அப்படி ஒரு விளையாட்டு அந்தப் பள்ளியில் இருந்திராவிட்டால், எந்தச் சோதனையாலும் அவரைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே பொருத்தம் பார்க்கும்போது பிள்ளையின் உடலோடு பேருந்துத் தடத்தையும் பாருங்கள்: வாரத்தில் நான்கு நாள் போய்வரக்கூடிய தூரத்தில், அக்கறையுள்ள ஒரு பயிற்சியாளர் எதற்கு இருக்கிறார்? இரண்டாவது சிறந்த பொருத்தம் பக்கத்தில் கிடைத்தால், கிடைக்காத முதல் பொருத்தத்தைவிட அதுவே மேல். கூடவே ஊராட்சியிடமும் பள்ளியிடமும் இன்னொரு விளையாட்டுக்கு இடம் கேளுங்கள்.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே உடற்கல்வி ஆசிரியர் என்றிருக்கும் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்றால், முழுமையாக நடக்காது. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், பிறந்த மாதம், உயரம், ஜூனில் எடுத்த அளவு, பிப்ரவரியில் எடுத்த அளவு என்று ஐந்து கட்டங்கள். உயரத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாணவர் தலைவர்களே அளந்துவிடலாம். ஆண்டுக் கடைசியில் பிப்ரவரிப் பட்டியலில் முதலில் நிற்பவர்களை அணிக்கு அனுப்புங்கள். பிறகு ஜூனுக்கும் பிப்ரவரிக்கும் நடுவே அதிகம் நகர்ந்தவர்கள் யார் என்று பார்த்து அவர்களையும் அடையாளமிட்டு வையுங்கள். அந்த இரண்டாவது பட்டியலில் எட்டாவதாகவோ பதினோராவதாகவோ ஓடி வந்த ஒரு பெயர் இருக்கும். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், 'இவளை இன்னும் ஓராண்டு திடலுக்கு அனுப்புங்கள்' என்று கேட்பதுதான் நம் வேலையிலேயே முக்கியமான வேலை.