மின்சாரம் இல்லாத மலையில் கேமரா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இமயமலை நடைப்பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் காலணி, கூடாரம், மாத்திரை என்று ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறார்கள். கேமரா பேட்டரி என்று வரும்போது மட்டும் யாரோ சொன்ன ஒரு வரியை நம்பிப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஜன்ஸ்கார் ஆறு உறைந்துகிடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும் சாதர் பயணமாகட்டும், கோடையில் போகும் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்காகட்டும், நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஏறும் பாதையாகட்டும், வாழ்நாளில் ஒருமுறை பார்க்கப்போகும் காட்சி முன்னால் விரியும்போது கேமரா அணைந்துபோவது பெரிய இழப்பு. பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. சிக்கலில் பாதி குளிர், மறுபாதி கணக்கு. இரண்டையும் மறைத்து நிற்கும் சில நம்பிக்கைகளை இங்கே பிரித்துப் பார்க்கலாம்.

“ராத்திரிக் குளிர் பேட்டரியின் சார்ஜைத் தின்றுவிடுகிறது”

படுக்கப்போகும்போது முழுதாக இருந்த பேட்டரி, விடியற்காலையில் சிவப்புக் கோட்டைக் காட்டுகிறது. குளிர் அதைக் காலி செய்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சார்ஜ் எங்கும் போகவில்லை. லித்தியம்-அயனி பேட்டரியின் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கிறது. லித்தியம் அயனிகள் அதன் வழியே நகர்ந்தால்தான் மின்சாரம் வரும். குளிரில் அந்தத் திரவம் தடித்துப்போகிறது. அயனிகளின் நடை தளர்கிறது. பேட்டரியின் உள்தடை கூடுகிறது. கேமரா மின்சாரத்தை இழுக்கும் கணத்தில் வோல்டேஜ் சரிகிறது. அந்தச் சரிவைப் பார்த்துப் பேட்டரி காலி என்று முடிவுகட்டி, கேமரா தன்னை அணைத்துக்கொள்கிறது. −20 டிகிரி செல்சியஸில் பல பேட்டரிகள் தம் கொள்ளளவில் பாதியளவுதான் தரும். சாதர் பாதையில் இரவு வெப்பநிலை அந்த அளவுக்கு இறங்குவது சாதாரணம்.

அந்தப் பேட்டரியைக் கழற்றி, சட்டையின் உள்பையில் உடம்பை ஒட்டினாற்போல அரைமணி நேரம் வைத்திருந்து மறுபடி போட்டுப் பாருங்கள். போய்விட்டதாக நினைத்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆகவே குளிர்ப் பயணத்தில் குறைந்தது இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே சரியான வழி: ஒன்று கேமராவில், ஒன்று மார்போடு. ராத்திரி அவற்றை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முனை மூடி இருந்தால் மாட்டிவிடுங்கள். சாவி, சில்லறைக் காசு இருக்கும் பையில் போடவே கூடாது. உலோகம் இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும்.

கேமராவைத் தூக்கப்பைக்குள் கொண்டுபோக வேண்டாம். நாள் முழுக்கக் குளிர்ந்த கண்ணாடியில் நம் மூச்சின் ஈரம் நீராகப் படிந்துவிடும். பேட்டரியும் மெமரி கார்டும் உள்ளே வரட்டும், கேமரா அதன் பையிலேயே மூடிக் கிடக்கட்டும். பேட்டரியைச் சமையல் அடுப்பருகே வைத்துச் சூடாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உடம்புச் சூடு போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். குளிர்ந்த பேட்டரியில் படம் எடுப்பதால் அதற்கு நிலையான கெடுதல் எதுவும் வராது. 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்ட பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதுதான் கெடுதல். அந்த நிலையில் லித்தியம், கிராஃபைட் முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியத் தொடங்கும். அப்படி இழந்த கொள்ளளவு திரும்பாது. படிவு வளர்ந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. பவர்பேங்குக்கும் இதே விதிதான், அதன் உள்ளே இருப்பதும் லித்தியம் பேட்டரியே. உறைபனிக் காலையில் எழுந்ததும் ராத்திரி வெளியே கிடந்த பவர்பேங்கைச் சோலார் பேனலில் மாட்டாதீர்கள். முதலில் அது உடம்புச் சூட்டுக்கு வரட்டும்.

“20,000 எம்ஏஎச் பவர்பேங்க் இருந்தால் ஒன்பது தடவை சார்ஜ் ஏற்றலாம்”

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி 2,280 எம்ஏஎச். 20,000-ஐ 2,280-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9. பெட்டியில் அச்சிட்ட இரண்டு எண்களை வைத்துப் போட்ட கணக்கு, அதனால் நம்பும்படி இருக்கிறது. ஆனால் எம்ஏஎச் மட்டும் சொல்வது, குடங்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு ஒரு குடம் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம். பவர்பேங்கின் 20,000 என்பது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான அளவு. கேமரா பேட்டரியோ 7.2 வோல்ட். ஒப்பிட வேண்டியது வாட்-மணியை. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அது கிடைக்கும்.

பவர்பேங்க்: 3.7 × 20 = 74 வாட்-மணி. கேமரா பேட்டரி: 7.2 × 2.28 = 16.4 வாட்-மணி. இப்போதே ஒன்பது, நாலரையாகக் குறைந்துவிட்டது. அடுத்து இழப்பு. பவர்பேங்க் தன் வோல்டேஜை உயர்த்தி அனுப்புகிறது, சார்ஜர் அதை மறுபடி மாற்றுகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வெப்பமாகப் போகும். கடைசியில் கேமரா பேட்டரிக்கு வந்து சேர்வது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 50 வாட்-மணிக்கு அருகில். ஆக, மூன்று தடவை. அதுவும் பவர்பேங்க் குளிராமல் இருந்தால், அட்டையில் போட்ட எண் உண்மையாக இருந்தால்.

இந்த 50-இலும் கேமராவுக்கு எவ்வளவு மிஞ்சும்? 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி. கேமரா பேட்டரியைவிடப் பெரியது. போனை இரண்டு தடவை நிரப்பினால் பவர்பேங்கில் மிச்சம் ஒரு கேமரா பேட்டரிக்குக்கூடக் காணாது. மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே தீர்ந்துபோகும். கேமராவுக்காகப் பவர்பேங்க் சுமப்பவர் முதலில் செய்ய வேண்டியது போனை ஃபிளைட் மோடில் போடுவது.

எடையையும் பாருங்கள். அந்தச் சோனி பேட்டரி ஒன்று ஏறத்தாழ 83 கிராம். மூன்று கூடுதல் பேட்டரி 250 கிராம். அதே மூன்று சார்ஜைத் தரும் பவர்பேங்க் 350 முதல் 450 கிராம் வரை இருக்கும். வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுபோகும் கூடுதல் பேட்டரிதான் மலையில் மிக இலேசான மின்சாரம். விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு வாரத்துக்குள் முடியும் பயணத்தில், கருவிகளுக்குச் செலவழிக்கும் பணத்தைக் கூடுதல் பேட்டரிகளில் போடுவதே மேல் என்பது என் முடிவு.

“சோலார் பேனலை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தால் போதும்”

பையின் பின்னால் நீலப் பலகை தொங்கும் படத்தை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 21 வாட் பேனல் என்றால், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி நேராக விழும்போது, செல்லின் வெப்பநிலை 25 டிகிரியில் இருக்கும்போது, அது தரும் அளவு 21 வாட். நல்ல வெயிலில் சூரியனுக்கு நேராகத் திருப்பி வைத்தால் 12 முதல் 15 வாட் வரை எதிர்பார்க்கலாம். முதுகில் அது செங்குத்தாகத் தொங்குகிறது, நடக்கும்போது ஆடுகிறது. இமயமலையில் நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும். லுக்லாவிலிருந்து வடக்கு நோக்கி ஏறும்போதாவது முதுகில் கொஞ்சம் வெயில் படும். இறங்கி வரும்போது பேனல் உங்கள் நிழலிலேயே நடந்துவரும். பையின் வார் ஒன்று ஒரு செல்லின் குறுக்கே விழுந்தாலே, வரிசையாக இணைக்கப்பட்ட மற்ற செல்களின் உற்பத்தியும் சரியும்.

பேனலை நடக்கும்போது மறந்துவிட்டு, நிற்கும்போது நம்புங்கள். மதிய உணவுக்கு நிற்கும் இரண்டு மணி நேரம் பாறைமேல் சாய்த்து, சூரியனைப் பார்த்தபடி வையுங்கள். 25 வாட்-மணி சேரலாம். அதைப் பவர்பேங்கில் வாங்கி, மாலையில் கேமராவுக்கு மாற்றும்போது ஒரு பேட்டரிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். சுற்றுவழியாகத் தெரிந்தாலும் நடுவில் பவர்பேங்க் இருப்பது நல்லது: மேகம் ஒன்று கடந்தால் சில சார்ஜர்கள் நின்றுவிடும், வெயில் திரும்பினாலும் தாமாகத் தொடங்காது. பேனலின் பின்னால் தைத்த பையில் பவர்பேங்கை வைக்காதீர்கள். அங்கே சூடு எளிதில் 45 டிகிரியைத் தாண்டும். பேனல் வெயிலில், பவர்பேங்க் நிழலில். உயரமான மலையின் குளிரும் பனியிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் பேனலுக்கு நல்லதே. சிலிக்கான் செல் குளிர்ந்தால் கூடுதலாகத்தான் தரும்.

அடர்ந்த காட்டில் கதையே வேறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் ஓரிரு பங்குதான். அங்கே பேனல் வெறும் சுமை.

“புதிய கேமரா, கூடுதல் படம்”

நிக்கான் டி850, நிக்கான் இசட்6 இரண்டும் ஒரே குடும்பப் பேட்டரியைப் பயன்படுத்துபவை. 2017-இல் வந்த டி850-க்கு ஒரு சார்ஜில் 1,840 படங்கள் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இசட்6-க்கு 310. முன்னதில் கண்ணாடி வழியாக நேரே பார்க்கிறோம், மின்சாரம் வேண்டியதில்லை. பின்னது மிரர்லெஸ்: நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை சென்சாரும் திரையும் வேலை செய்துகொண்டே இருக்கும். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங்கை ஹிலாரி படம் எடுத்த கோடாக் ரெட்டினா கேமராவில் பேட்டரியே கிடையாது; விற்சுருளால் இயங்கும் ஷட்டர். அந்த வசதியை விட்டுக்கொடுத்துத்தான் இன்றைய வசதிகளைப் பெற்றிருக்கிறோம்.

அறிவித்த எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். அது ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த சோதனை: 23 டிகிரி அறையில், 30 நொடிக்கு ஒரு படம், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுவது. தொடர்ச்சியாகப் படபடவென எடுப்பவருக்கு அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். எடுத்த ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கும் வீடியோ எடுப்பவருக்கும் குறையும். மலையில் மிச்சப்படுத்த நினைப்பவர் வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் அணைக்கட்டும். தானாக அணையும் நேரத்தைக் குறைக்கட்டும். ரசித்துப் பார்ப்பதை வீட்டுக்கு ஒத்திவைக்கட்டும்.

“முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்”

நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை இது. சோனி 1991-இல் லித்தியம்-அயனியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகும் போகவில்லை. லித்தியம் பேட்டரிக்குப் பாதியில் ஏற்றுவதால் எந்தப் பழுதும் இல்லை. வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் ஏற்றுங்கள்.

இதில் மலைக்குப் பயன்படும் நுணுக்கம் ஒன்று உண்டு. சார்ஜ் ஏறும் வேகம் கடைசிவரை ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் 80 சதவீதம்வரை விரைவாக ஏறி, அதன்பின் மெதுவாகும். நாம்சே பஜாருக்கு மேலே, 5,164 மீட்டரிலிருக்கும் கோரக் ஷெப் வரைக்கும் உள்ள லாட்ஜுகளில் சார்ஜ் ஏற்றக் காசு வாங்குவார்கள். பல இடங்களில் அவர்களுக்கே சோலார்தான் ஆதாரம். அங்கே ஒரு பேட்டரியை 100 வரைக்கும் காத்திருந்து நிரப்புவதைவிட, அதே நேரத்தில் இரண்டைப் பெருமளவு ஏற்றிக்கொள்வது லாபம். சாப்பாட்டு அறையில் விழித்திருக்கும் நேரத்திலேயே இதை முடித்துவிடுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் எதையும் தூக்கப்பைக்குள் மூடி வைத்துத் தூங்கக் கூடாது.

“கையால் சுழற்றும் டைனமோ கைகொடுக்கும்”

கொடுக்காது. கையால் சுழற்றித் தொடர்ந்து 5 வாட் எடுத்தாலும் ஒரு கேமரா பேட்டரிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சுழற்ற வேண்டும், அதுவும் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். விறகடுப்பின் சூட்டில் மின்சாரம் தரும் பயோலைட் அடுப்பு 3 வாட் தரும். மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேல் விறகு ஏது?

புறப்படுமுன் இரண்டு விஷயம். லித்தியம் பேட்டரிகளும் பவர்பேங்கும் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிவரை தனி அனுமதி தேவையில்லை. 27,000 எம்ஏஎச் பவர்பேங்க் 99.9 வாட்-மணி, எல்லைக்கு மிக அருகில். கழற்றி வைத்த பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

பயணத்தில் உப்பிப்போன பேட்டரியையோ, தீர்ந்த டார்ச் செல்லையோ முகாமில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வராதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. சுமந்துகொண்டு போனதைச் சுமந்துகொண்டே இறங்கி, ஊரில் மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.