சிரட்டை முதல் கணினித்திரை வரை

உரைநடை உலகம்

நுழையும்முன்

எழுதுகோல், தண்ணீர்ப் புட்டியின் மூடி, மின்விசைப் பொத்தான், வாளி என நாம் நாள்தோறும் கையாளும் நெகிழிப் பொருள்களுள் பெரும்பாலானவை அச்சுகளிலிருந்து பிறந்தவை. அவ்வச்சுகளைக் கணினியின் துணையோடு வடிவமைத்தல் இன்று தனியொரு துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையின் அடிப்படைகளை நம் பனங்காட்டிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் தொடங்கி அறிந்துகொள்வோம்.

சிரட்டை சொல்லும் பாடம்

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பண்பொழி. திருமலைக் குமாரசுவாமி கோவில் அமைந்துள்ள குன்றின்மேல் நின்று நோக்கினால் வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்ணை நிறைக்கும். அனுமன் நதியின் நீரும் அடவிநயினார் அணையின் நீரும் இப்பகுதியை வளப்படுத்துகின்றன. பசுமை சூழ்ந்த இவ்வூருக்கும் எஃகில் செதுக்கப்படும் அச்சுக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம்.

விடை இவ்வட்டாரத்துச் சந்தையிலேயே கிடைக்கிறது. அங்கு விற்கப்படும் கருப்பட்டி ஏன் அரைக்கோள வடிவில் இருக்கிறது? காய்ச்சிய பதநீர் பாகாகிப் பதம் வந்ததும் அதனைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவர். பாகு ஆறி இறுகியபின் சிரட்டையைக் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி கழன்று விழும். உருக்குதல், நிரப்புதல், ஆறவிடுதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு செயல்கள் இதில் அடங்கியுள்ளன. உலகின் மிகப்பெரிய நெகிழித் தொழிற்கூடத்தில் நிகழ்வனவும் இந்நான்கே.

இட்லித் தட்டின் குழியை உற்றுநோக்குங்கள். அதன் பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் மேல்நோக்கி விரிந்து சாய்ந்துள்ளன. அச்சாய்வு இல்லையெனில் இட்லியை உடையாமல் எடுப்பது அரிது. நம் முன்னோர் பட்டறிவால் கண்ட இவ்வுண்மையை இன்றைய பொறியாளர் பாகைக் கணக்கில் அளக்கிறார்.

சுவாமிமலையில் செப்புத்திருமேனி வார்க்கும் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல்மண் பூசிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறியபின் தோன்றும் வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். குளிர்ந்ததும் மண் அச்சை உடைத்து உருவத்தை வெளிக்கொணர்வர். அங்கு ஓர் அச்சு ஓர் உருவத்திற்கு மட்டுமே பயன்படும். நெகிழித் தொழிலில் பயன்படும் எஃகு அச்சோ இலட்சக்கணக்கான முறை திறந்து மூடி, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தரவல்லது. ஆதலால் அச்சில் நேரும் சிறு பிழையும் இலட்சம் முறை பெருகும்.

உட்செலுத்து வார்ப்பு

இஞ்செக்‌ஷன் மோல்டிங் எனப்படும் உட்செலுத்து வார்ப்பில் நெகிழிக் குருணைகள் சூடான உருளைக்குள் செலுத்தப்படுகின்றன. உள்ளே சுழலும் திருகு அவற்றை முன்னே தள்ளி உருக்குகிறது. பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழிவகை ஏறத்தாழ 200 முதல் 250 பாகை செல்சியசு வெப்பத்தில் இவ்வாறு உருக்கப்படுகிறது. உருகிய குழம்பு பேரழுத்தத்துடன் அச்சுக்குள் பாய்கிறது. அச்சினுள் அமைந்த குழாய்வழிகளில் ஓடும் நீர் அதனைக் குளிர்விக்கிறது. பின்னர் அச்சு திறக்க, பொருள் வெளியே தள்ளப்படுகிறது.

அச்சு பெரும்பாலும் இருபாதிகளைக் கொண்டது. பொருளின் வெளிப்புறத்தைத் தரும் பள்ளம் அச்சுக்குழி. உட்புறத்தைத் தரும் மேடு அச்சுக்கரு. இரண்டும் பொருந்துமிடம் பிரிகோடு. குழம்பு ஓடிவரும் பாதை ஓடுகால். அது பொருளுக்குள் புகுமிடம் நுழைவாய். பட்டறைகளில் அச்சினை ‘மோல்டு’ என்றும் ‘டை’ என்றும் வழங்குவர்.

குழம்பு பாயும்போது இருபாதிகளும் விலகிவிடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள வட்ட மூடியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர செ.மீ. அச்சினுள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 300 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை தாக்குவதாகக் கொண்டால், மொத்த விசை 23,550 கிலோகிராம். அதாவது இருபத்து மூன்றரை டன். உள்ளங்கையளவு மூடி ஒன்றை வார்க்கப் பல யானைகளின் எடைக்கு நிகரான பிடிவிசை தேவைப்படுகிறது!

வாளியும் குடமும்

வாளியின் வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காக விடப்படும் இச்சாய்வைக் கழல்சாய்வு என்பர். பொதுவாக ஒரு பாகையளவு சாய்வு விடுவர். 100 மி.மீ. ஆழமுள்ள பொருளுக்கு ஒரு பாகைச் சாய்வு தந்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.75 மி.மீ. விரியும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இவ்விரிவே பொருள் அச்சைப் பற்றிக்கொண்டு சிதையாமல் காக்கிறது.

குடத்தின் நிலை வேறு. வாய் சிறுத்து வயிறு பெருத்த குடத்தை இம்முறையில் வார்த்தால், உள்ளிருக்கும் அச்சுக்கருவை வாய்வழியே வெளியே எடுக்க இயலாது. எனவேதான் நெகிழிக் குடங்கள் ஊதுவார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. சூடான நெகிழிக்குழலை அச்சுக்குள் வைத்துக் காற்றை ஊத, அது விரிந்து அச்சின் சுவரில் ஒட்டிக் குடமாகிறது. ஒரு பொருளைக் கண்டதும் ‘இது அச்சிலிருந்து எவ்வாறு வெளியே வந்திருக்கும்?’ என்று வினவுவதே அச்சு வடிவமைப்பாளரின் முதல் பழக்கம்.

சுருங்கும் பொருளும் பெருகும் கணக்கும்

நெகிழி குளிரும்போது சுருங்கும். பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டரை விழுக்காடு வரை சுருங்கும், ஏ.பி.எஸ். என்னும் நெகிழி அரை விழுக்காட்டையொட்டியே சுருங்கும். மேற்சொன்ன மூடியின் விட்டம் சரியாக 100 மி.மீ. இருக்கவேண்டும், சுருக்கம் ஒன்றரை விழுக்காடு எனக் கொள்வோம். அச்சையும் 100 மி.மீ. அளவில் செதுக்கினால் கிடைக்கும் மூடி 98.5 மி.மீ. ஆகிவிடும், அது டப்பாவில் பொருந்தாது. ஆகவே அச்சின் விட்டம் ஏறத்தாழ 101.5 மி.மீ. இருத்தல் வேண்டும். வரவிருக்கும் இழப்பை முன்னரே கணித்து அச்சைப் பெரிதாக்குவது இக்கலையின் நுட்பம்.

பொருளின் தடிமனும் கருதத்தக்கது. சுவரின் தடிமன் இருமடங்கானால், குளிர ஆகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தடித்த பகுதி மெல்லிய பகுதிக்குப் பின்னரே ஆறுவதால், அவ்விடத்தின் மேற்பரப்பு உள்வாங்கிக் குழிவுத் தழும்பு தோன்றும். எனவே வலிமை வேண்டுமிடத்தில் சுவரைத் தடிக்கச் செய்யாமல், பின்புறம் மெல்லிய விலாக்களை அமைப்பர். நாற்காலியின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் இவ்விலாக்களைக் காணலாம்.

கணினித்திரையில் பிறக்கும் அச்சு

முற்காலத்தில் வரைபலகையில் தாளை விரித்து, பென்சிலும் அளவுகோலும் கொண்டு அச்சின் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே வரைந்தனர். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, ஒளிப்பேனாவால் கணினித்திரையில் நேரடியாக வரைய வழிவகுத்தது. கணினிவழி வடிவமைப்புக்கு அது முன்னோடியாயிற்று. இன்று கேட்டியா, சாலிட்வொர்க்ஸ் முதலிய மென்பொருள்கள் முப்பரிமாணத்தில் பொருளைச் சுழற்றிக் காட்டுகின்றன. கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருளான ஃப்ரீகேட், மாணவர் வீட்டிலிருந்தே பயில ஏற்றது.

வடிவமைப்பாளர் முதலில் பொருளின் உருவத்தைத் திரையில் அமைக்கிறார். பின் சுருக்க விழுக்காட்டிற்கேற்ப அதனைப் பெரிதாக்குகிறார். போதிய கழல்சாய்வு இல்லாத பக்கங்களை மென்பொருள் வேறு நிறத்தில் சுட்டிக்காட்டும். அவற்றைத் திருத்தியபின், பிரிகோட்டை வகுத்து அச்சுக்குழியையும் அச்சுக்கருவையும் பிரிக்கிறார். குளிர்நீர் வழிகள், பொருளை வெளியே தள்ளும் ஊசிகள், சிக்கிய காற்று வெளியேறும் நுண்ணிய காற்றுப்போக்கிகள் ஆகியவற்றை அடுத்தடுத்து அமைக்கிறார். நீர்வழியும் ஊசியும் ஒன்றையொன்று வெட்டுமாயின் மென்பொருள் எச்சரிக்கும்.

அடுத்தது ஓட்ட ஆய்வு. கொலின் ஆஸ்டின் என்னும் பொறியாளர் 1978இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘மோல்டுஃப்ளோ’ இத்துறையில் முன்னோடி. வாய்க்காலில் திறந்துவிட்ட நீர் வயலின் எந்த மூலையைக் கடைசியாகச் சென்றடையும் என்பதை உழவர் அறிவார். அதுபோல, குழம்பு எங்கெங்குப் பாயும், எங்குக் காற்று சிக்கும் என்பதை இவ்வாய்வு முன்கூட்டியே காட்டும். ஒரு துளையைச் சுற்றி இருபுறமும் ஓடிவரும் குழம்பு மீண்டும் சேருமிடத்தில் இணைவுக்கோடு உண்டாகும். அவ்விடம் வலிமை குன்றியது. வாளியின் கைப்பிடி பொருந்துமிடத்தில் அக்கோடு அமைந்தால், நீர் சுமக்கும்போது வாளி அங்கேயே பிளக்கும். நுழைவாயை இடம்மாற்றினால் அக்கோட்டையும் இடம்மாற்றலாம்.

எடுத்தல் எளிது, சேர்த்தல் அரிது

திரையில் நேர்ந்த பிழையை ஒரு நொடியில் திருத்தலாம். எஃகில் நேர்ந்த பிழை அவ்வாறன்று. கணினிவழி இயங்கும் கடைசல் கருவி கூடுதலாகச் செதுக்கிவிட்டால், எடுத்த எஃகை மீண்டும் சேர்ப்பது கடினம். பற்றவைத்துத் திருத்தினாலும் செலவும் காலமும் மிகும். எனவே ஐயம் உள்ள இடங்களில் சிறிதளவு எஃகை விட்டுவைத்து, முதல் வார்ப்பை அளந்து பார்த்தபின் தேவையான அளவே நீக்குவர். கல்லில் உளியை வைக்குமுன் சிற்பி காட்டும் பொறுமைக்கு இது நிகரானது. மென்பொருள் கணக்கிடும், எதனைக் கணக்கிடவேண்டும் என்று முடிவுசெய்வது மனித அறிவே.

ஆக்கியவர் பொறுப்பு

அமெரிக்காவின் ஹையாட் உடன்பிறப்புகள் செல்லுலாய்டை வார்க்கும் கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்றனர். பில்லியர்ட்ஸ் பந்துக்கு வேண்டிய யானைத் தந்தத்திற்கு மாற்றுத் தேடியபோது வளர்ந்ததே செல்லுலாய்டு. தந்தத்திற்கு மாற்றாக வந்த நெகிழி, யானைகள் வாழும் மலையடிவாரங்களில் இன்று குப்பையாகக் கிடப்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைவிதித்துள்ளது. குற்றால அருவியில் நீராடச் செல்வோர்க்கும் அவ்விதி உரியது. அச்சை வடிவமைப்போர்க்கும் அதில் பங்குண்டு. நெடுங்காலம் உழைக்கும் பொருளை ஆக்குதல், பலவகை நெகிழிகளைக் கலக்காது ஒரேவகையால் செய்தல், மறுசுழற்சிக்குரிய எண்குறியை அச்சிலேயே பொறித்தல் ஆகியன வரைபடத்திலேயே எடுக்கத்தக்க முடிவுகள்.

வாயில்கள் திறந்துள்ளன

நெகிழித் தொழில்நுட்பத்திற்கென, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1968இல் சென்னையில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் நிறுவனம் ‘சிப்பெட்’. அச்சுத் தொழில்நுட்பத்தில் பட்டயப்படிப்பும், கணினிவழி அச்சு வடிவமைப்பில் மேற்பட்டயப் படிப்பும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. மதுரையிலும் அதன் மையம் உண்டு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் ஒன்று இயங்குவதை நாம் அறிவோம். கணினித்திரைக்கு முன் அமரும் பணிக்கு ஊரின் தொலைவு தடையன்று என்பதற்கு அது சான்று.

சிரட்டையில் பாகு ஊற்றும் கைகள் அறிந்த உண்மையையே கணினித்திரை எண்களாகக் காட்டுகிறது. அவ்வுண்மையை நம் மொழியில் புரிந்துகொண்ட மாணவருக்கு அயல்மொழிக் கலைச்சொல் அச்சம் தராது. பயன்படுத்துவோராக மட்டும் நில்லாமல் படைப்போராகவும் உயர்வோம்.

தெரிந்து தெளிவோம்

அச்சு என்னும் சொல் தமிழில் வண்டிச் சக்கரத்தைத் தாங்கும் இருசையும், எழுத்தைத் தாளில் பதிக்கும் முறையையும், உருவம் வார்க்கும் கருவியையும் குறிக்கும்.

கலைச்சொல் அறிவோம்

கேவிட்டி – அச்சுக்குழி
கோர் – அச்சுக்கரு
பார்ட்டிங் லைன் – பிரிகோடு
ரன்னர் – ஓடுகால்
கேட் – நுழைவாய்
டிராஃப்ட் – கழல்சாய்வு
வெல்டு லைன் – இணைவுக்கோடு
சிங்க் மார்க் – குழிவுத் தழும்பு

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள நெகிழி டப்பா ஒன்றைக் கவிழ்த்து, நுழைவாயின் தழும்பு, தள்ளூசியின் வட்டத் தடம், பிரிகோடு ஆகியவற்றைக் கண்டறிந்து படம் வரைக.
2. உங்கள் ஊரில் அச்சைப் பயன்படுத்தும் கைத்தொழில் ஒன்றை நேரில் கண்டு, அத்தொழிலாளர் வழங்கும் சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. கழல்சாய்வு என்றால் என்ன?
2. இணைவுக்கோடு எவ்வாறு தோன்றுகிறது?

சிறுவினா
1. நெகிழிக் குடத்தை உட்செலுத்து வார்ப்பில் செய்ய இயலாமைக்குக் காரணம் கூறுக.
2. 200 மி.மீ. நீளமுள்ள பொருளுக்குச் சுருக்கம் இரண்டு விழுக்காடு எனில், அச்சின் நீளம் ஏறத்தாழ எவ்வளவு இருத்தல் வேண்டும்? விளக்குக.

நெடுவினா
‘ஆக்கியவர்க்கே அழிவைத் தடுக்கும் பொறுப்பும் உண்டு’ என்னும் கருத்தை அச்சு வடிவமைப்புத் துறையோடு பொருத்திக் கட்டுரை வரைக.