வெஸ்னோத் போர்க்களத்தில் பொன்னும் படையும் கரையாமல் காக்க 17 குறிப்புகள்

நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில் பிள்ளைகள் கணனிக்கு முன்னால் அதிக நேரம் இருக்கிற காலம் அது. அந்த நேரத்தை மூளைக்கு வேலையாக மாற்றக்கூடிய ஒரு விளையாட்டு ‘பேட்டில் ஃபொர் வெஸ்னோத்’. 2003இல் டேவிட் வைட் என்பவர் தொடங்கிய கற்பனை உலகப் போர் விளையாட்டு இது. எல்ஃப், ஓர்க், எலும்புக்கூட்டுப் படை, மந்திரவாதி எல்லாரும் அறுகோணக் கட்டங்களில் முறைவைத்து மோதுவார்கள். விளையாட்டும் இலவசம், உள்ளே நிஜப் பணம் கேட்கும் கடையும் கிடையாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் இரண்டு மூன்று சுற்றில் கையிலுள்ள பொன்னையெல்லாம் ஆட்களாக மாற்றி, அந்த ஆட்களை எதிரியின் வாசலில் கொண்டுபோய்ப் பறிகொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, ஆள் எடுக்கப் பொன்னும் இல்லை. உயிரோடு திரும்பி வருகிற வீரன்தான் இந்த விளையாட்டில் உண்மையான சேமிப்பு. கீழேயுள்ள குறிப்புகள் எல்லாம் அந்தச் சேமிப்பைக் காக்கத்தான்.

தொடங்கும் முன்

1. ஏறக்குறைய அரை ஜிபி அளவுள்ள விளையாட்டு. வீட்டில் ஒருவர் ஒருமுறை இறக்கினால் போதும். பிறகு இணையம் தேவையில்லை. பென்டிரைவில் பிரதி எடுத்து நண்பர்களுக்கும் கொடுக்கலாம். ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வெளியானதால் பிரதி எடுப்பது அனுமதிக்கப்பட்டதே. யாருடைய உரிமையையும் பறித்த குற்றம் வராது.

2. முதலில் பயிற்சிப் பகுதியை முழுதாக முடியுங்கள். அடுத்து, புதியவர்களுக்கென்றே உள்ள ‘த சவுத் கார்ட்’ கதையை இலகுவான நிலையில் விளையாடுங்கள். புகழ்பெற்ற ‘ஏர் டு த த்ரோன்’ நீண்ட கதை. முதல் கட்டத்தில் விட்ட பிழைக்குப் பல கட்டங்கள் தாண்டியும் விலை கொடுக்க வேண்டிவரும். அதைப் பிறகு பார்க்கலாம்.

3. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. நல்ல வேளையாக, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வெஸ்னோத் தானாகவே சேமித்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும், மஃரிப் பாங்கு சொன்னாலும் பதறாமல் எழும்பலாம். விட்ட சுற்றிலிருந்தே தொடரலாம்.

பொன் கணக்கு

4. வருமானக் கணக்கை மனப்பாடமாக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அடிப்படை வருமானம் 2 பொன். கதை ஆட்டங்களில் பொதுவாக நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வோர் ஊருக்கும் 1 பொன். செலவுப் பக்கத்தில், ஒரு வீரனின் லெவல் எத்தனையோ அத்தனை பொன் அவனுக்குப் பராமரிப்புச் செலவு. ஓர் ஊர் ஒரு லெவல் அளவு வீரனை இலவசமாகத் தாங்கும். படைத்தலைவனுக்குச் செலவில்லை.

5. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 5 ஊர், முதலாம் லெவல் வீரர் 8 பேர். வரவு 2 + 5 = 7. எட்டுப் பேரில் ஐந்து பேரை ஊர்கள் தாங்கும். மிச்சம் மூவருக்கு 3 பொன் செலவு. கையில் நிற்பது 4 பொன். இதே 5 ஊரை வைத்துக்கொண்டு 12 பேரை எடுத்தால் செலவு 7, வருமானம் பூச்சியம். ஓர் எல்ஃப் வீரனின் விலை 14 பொன். முதல் நிலையில் அடுத்த ஆளை எடுக்க நாலு சுற்று காத்திருக்க வேண்டும். இரண்டாவது நிலையில் எத்தனை சுற்று காத்திருந்தாலும் ஆள் எடுக்க முடியாது. ஆள் எடுக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

6. ஆரம்பச் சுற்றுகளில் ஊர் பிடிப்பதே முதல் வேலை. ஓர் ஊரைப் பிடித்தால் 1 பொன் வரவாகும். படை பெரிதாக இருந்தால் பராமரிப்பிலும் 1 பொன் மிச்சமாகும். அதையே எதிரியிடமிருந்து பறித்தால் அவனுக்கும் அதேயளவு நட்டம். குதிரையில் போகும் எல்ஃப் ஸ்கவுட் ஒருவர் இந்த வேலைக்குப் போதும். சண்டையில் அவர் பலவீனம் என்பதால் இரண்டு மூன்று பேரை வாங்கிக் குவிக்க வேண்டாம்.

7. எதிரி யார் என்று பார்த்துவிட்டு ஆள் எடுங்கள். எலும்புக்கூடுகளை வாளும் அம்பும் இலகுவில் துளைக்காது. நெருப்பும், தண்டாயுத அடியும் அவற்றை முறிக்கும். அங்கே 14 பொன் வீதம் நாலு வாள்வீரர் எடுப்பதைவிட, 20 பொன் கொடுத்து நெருப்பு வீசும் மேஜ் இருவரை எடுப்பது மலிவு. விலைப்பட்டியலில் மலிவானவன் களத்தில் மலிவானவன் ஆகிவிட மாட்டான்.

8. கதையின் போக்கில் சிலர் தாமாகவே வந்து சேர்வார்கள். அவர்களில் ‘லோயல்’ என்ற இயல்பு உள்ளவர்களுக்குப் பராமரிப்புச் செலவே இல்லை. எத்தனை லெவல் ஏறினாலும் ஒரு பொன்னும் கேட்கமாட்டார்கள். இவர்களை இழந்தால் அதே சலுகையோடு இன்னொருவரை விலைக்கு வாங்க முடியாது. முன்வரிசைக்கு அனுப்ப முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

படையைக் காக்க

9. பொழுதைப் பார்த்து அடியுங்கள். ஆறு சுற்றுக்கு ஒருமுறை இரவும் பகலும் மாறிவரும். ஓர்க்குகளுக்கு இரவில் பலம் 25 சதவீதம் கூடும், பகலில் 25 சதவீதம் குறையும். சாதாரண ஓர்க் கிரண்ட் 9 வீதம் இரண்டு வெட்டு வெட்டும். இரவில் அது 11, பகலில் 7. இரண்டு கிரண்ட் சேர்ந்து 33 உயிர்ப்புள்ளி உள்ள ஓர் எல்ஃப் வீரனைத் தாக்குகின்றன என்று வையுங்கள். நான்கு வெட்டும் விழுந்தால் இரவில் 44, ஆள் முடிந்தான். பகலில் 28தான், ஆள் நிற்பான். வீரரின் இயல்புக்கேற்ப இந்த எண்கள் ஒன்றிரண்டு மாறலாம். இரவில் பின்வாங்கி நிலையெடுங்கள், விடிந்ததும் இறங்குங்கள். ஆரம்பத்தில் ஆட்களைக் காக்க இதைவிடப் பெரிய வழி இல்லை.

10. எங்கே நிற்கிறோம் என்பது யார் நிற்கிறார் என்பதைவிட முக்கியம். புல்வெளியில் நிற்கும் எல்ஃபின் மேல் எதிரியின் 100 வீச்சில் 60 விழும்; காட்டுக்குள் நின்றால் 40ஐத் தாண்டாது. மனித வீரன் ஆற்றுத் தண்ணீரில் நின்றால் 80 விழும். ஆகவே நீங்கள் கரையில் நின்று, எதிரியைத் தண்ணீருக்குள் இறங்க வையுங்கள்.

11. தனியாக யாரையும் முன்னே விடாதீர்கள். முதலாம் லெவலிலோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டத்திலும் எதிரியின் நடையைத் தடுப்பான். இரண்டு கட்ட இடைவெளியில் வரிசையாக நிறுத்தினால் நாலு பேரே நீண்ட வேலியாகிவிடுவார்கள். கண்ட்ரோலும் வீயும் சேர்த்து அழுத்தினால் எதிரி எதுவரை வரமுடியும் என்று திரையில் தெரியும். சுற்றை முடிப்பதற்கு முன் அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

12. உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே போனவனைப் பின்னால் எடுங்கள். ஊருக்குள் நின்றால் சுற்றுக்கு 8 புள்ளி திரும்பும். நகராமல் ஓய்வெடுத்தால் இன்னும் 2. மூன்று சுற்றில் 14 பொன் பெறுமதியான ஆள் முழுப் பலத்தோடு திரும்பிவருவான். ‘இன்னும் ஒரு அடி அடித்துவிட்டுப் போகட்டும்’ என்ற ஆசையில்தான் அதிகமான வீரர்கள் சாகிறார்கள்.

13. எல்ஃப் ஷாமனை வரிசைக்குப் பின்னால் வையுங்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சுற்றுக்கு 4 புள்ளி ஆற்றிக்கொடுப்பார். அவர் அடித்தால் காயம் சிறிதுதான். ஆனால் அடிபட்ட எதிரியின் தாக்கும் பலமும் நடையும் பாதியாகும். பெரிய எதிரி ஒருவனைச் சமாளிக்க வேண்டியபோது முதலில் ஷாமன் அடிக்கட்டும், பிறகு மற்றவர்கள் இறங்கட்டும்.

14. கடைசி அடியை இளையவனுக்குக் கொடுங்கள். முதலாம் லெவல் எதிரியோடு சண்டையிட்டால் 1 அனுபவப்புள்ளிதான்; அவனைக் கொன்றால் 8. பாதி செத்த எதிரியைப் பலசாலி கொல்வதைவிட, லெவல் ஏறக் கொஞ்சம் மிச்சமிருக்கிறவன் கொல்வது இலாபம். லெவல் ஏறுகிற அந்தக் கணத்தில் காயமெல்லாம் ஆறி அவன் முழு உயிரோடு நிற்பான்.

15. இழப்பே இல்லாத போர் கிடையாது. யாரையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அனுபவமில்லாத புதியவனைக் கொடுங்கள். பல கட்டங்களாக வளர்த்தெடுத்தவனை அவசரத்துக்குப் பலியிடுவது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம். சில கட்டங்களில் சண்டையே தேவையில்லை. ‘ஏர் டு த த்ரோன்’ கதையின் முதல் கட்டத்தில் ஓர்க்குகள் காட்டைச் சுற்றி வளைத்திருக்கும். கொன்றாட் என்ற இளவரசனை வழிகாட்டிப் பலகை வரை கொண்டுசேர்ப்பதுதான் வேலை. அங்கே நின்று எல்லாரையும் வெல்ல நினைப்பவர் வீணாகப் படையை இழப்பார்.

அடுத்த கட்டத்துக்கு

16. மிச்சம் பிடித்த பொன் முழுவதும் அடுத்த கட்டத்துக்கு வராது. பல கதைகளில் 40 சதவீதம்தான் வரும். அடுத்த கட்டத்தின் குறைந்தபட்ச ஆரம்பத் தொகை 100 என்று வையுங்கள். நீங்கள் 150 மிச்சம் பிடித்தாலும் கணக்கில் வருவது 60; எப்படியும் 100 தருவார்கள். 250ஐத் தாண்டினால்தான் சேமிப்புக்குப் பலன். அந்த அளவை எட்ட முடியாது என்று தெரிந்தால் பொன்னைப் பூட்டிவைக்க வேண்டாம். இன்னும் இரண்டு ஆளை எடுத்து, வளர்ந்த வீரரைக் காப்பாற்றுங்கள். எட்ட முடியும் என்றால் விரைவாக முடியுங்கள். பெரும்பாலான கட்டங்களில் மிஞ்சிய ஒவ்வொரு சுற்றுக்கும் மேலதிகப் பொன் உண்டு.

17. பழைய வீரனைத் திரும்ப அழைக்க, அவன் எந்த லெவலாக இருந்தாலும் 20 பொன்தான். புதிய எல்ஃபுக்கு 14, இரண்டாம் லெவல் அனுபவசாலிக்கு 20. ஆறு பொன் வித்தியாசத்தில் இருமடங்கு ஆள் கிடைக்கிறான். ஆனால் அவனுக்குச் சுற்றுக்கு 2 பொன் பராமரிப்பு உண்டு. எல்லாரையும் அழைக்காமல், ஊர்கள் தாங்கும் அளவுக்கு அழைத்து, மிச்ச இடத்தைப் புதியவர்களால் நிரப்புங்கள். அவர்கள்தான் நாளைய அனுபவசாலிகள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த விளையாட்டில் ஒரே கணனியில் இரண்டு பேர் மாறிமாறி விளையாடும் வசதி உண்டு. விடுமுறையில் ஒரு நாள் பிள்ளைக்கு எதிர்ப்பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ‘உன் வரவு எத்தனை, செலவு எத்தனை, காயப்பட்டவன் எங்கே நிற்கிறான்?’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். வரவுக்கு மேல் செலவு செய்யாமல் இருக்கவும், தன்னை நம்பி வந்தவனை வீணாக இழக்காமல் இருக்கவும் பிள்ளை அந்த மூன்று கேள்வியிலேயே பழகிவிடும்.