முதலில் எண்ணெயைக் காண்க

மோட்டார் எஞ்சினுக்கு வால்வுகளே வாயில்கள். வேகம் மிகுங்கால் அவை அகலத் திறத்தல் வேண்டும். இதன்பொருட்டு ஜப்பானிய ஹோண்டா கம்பெனியார் 1989-ஆம் ஆண்டில் இண்டெக்ரா காரில் அமைத்தது வீ-டெக் என்னும் முறை. சாலினாய்டு என்னும் மின்கருவி வழிதிறக்க, எண்ணெய் பாய்ந்து சிறு ஊசிகளைத் தள்ளி ராக்கர் கைகளை ஒன்றாகப் பிணிக்கும். உயரமான கேம் அவற்றை இயக்க, வால்வுகள் மிகத் திறக்கும்.

பழைய காரில் இம்முறை பழுதுற்றால் எஞ்சின் உயர்வேகத்திற் சோர்வுறும். எச்சரிக்கை விளக்கும் எரியும். உடனே விலையுயர்ந்த சாலினாய்டை மாற்ற விரைவோர் பலர். அது தவறு. என்னை? மின்சாரம் வழிதிறப்பதன்றிப் பிணிப்பதில்லை, பிணிப்பது எண்ணெயே.

ஆதலின் முதற்கண் அளவுகோலை உருவி எண்ணெயின் அளவைக் காண்க, குறைந்திருப்பின் நிரப்புக. அடுத்து, மின்கம்பியின் இணைப்பை ஆராய்க. சாலினாய்டின் மின்தடை பெரும்பாலும் 14 முதல் 30 ஓம் வரை இருத்தல் வேண்டும். பின்னர் அதனைக் கழற்றி, வடிகட்டும் வலையிற் கசடு அடைத்துள்ளதா என நோக்குக. இவை செவ்வனே இருந்தும் குறை தீராதாயின், மானி பொருத்தி எண்ணெயின் அழுத்தத்தை அளந்தறிக. அழுத்தம் குன்றியிருப்பின், நோய் வால்வோடு நில்லாது. தேய்ந்த பேரிங்குகளோ எண்ணெய்ப் பம்போ காரணமாதல் கூடும். அதனை அறியாது விளக்கை மட்டும் அணைத்து மகிழ்வோன், ஒருநாள் எஞ்சினையே இழப்பான்.